ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிறதா? இங்கிலாந்தில் கவுன்சில் ஆள் வீட்டுக்கு வருமுன் படித்துவிடுங்கள்

வேலை விசாவில் இங்கிலாந்து வருகிறவர்கள் 18 வயது தாண்டிய பிள்ளையைக் கூட அழைத்து வருவது லேசில் நடக்காது. அதனால் நம்மவர்கள் பெரும்பாலும் பிள்ளை ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற வயதில் வந்து சேர்கிறார்கள். பள்ளி இருக்கிறவரை வண்டி ஓடிவிடும். 18 ஆனதும் பெரியவர்களுக்கான உதவிக்கு கவுன்சில் என்கிற உள்ளாட்சி நிர்வாகத்திடம் நாமேதான் போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள்.

அலுவல் சமாச்சாரத்தை முதலில் வேகமாக முடித்துவிடுகிறேன். ஊரில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றிதழ், யுடிஐடி (இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை இவற்றைக் காட்டி இங்கே நேரடியாக எதுவும் பெற முடியாது. ஆனால் கூடவே இருக்கும் மருத்துவ அறிக்கைகளைப் பத்திரமாக வையுங்கள், ஆதாரமாக உதவும். இங்கே ஆட்டிசம்தான் என்ற முறையான கண்டறிதல் வேண்டுமென்றால் ஜிபி என்கிற குடும்ப மருத்துவர் மூலம்தான். காத்திருப்பு நீளம்; 'ரைட் டு சூஸ்' (எங்கே பார்ப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை) வழியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கொஞ்சம் சீக்கிரம் நடக்கலாம். கண்டறிதல் கடிதம் வரட்டும் என்று கவுன்சிலிடம் போகாமல் இருக்காதீர்கள். பெரியவர்களின் பராமரிப்புக்கான கேர் ஆக்ட் 2014 சட்டத்தின்படி தேவை மதிப்பீடு கேட்பதற்குக் கண்டறிதல் கடிதம் வேண்டியதில்லை. "பையனுக்கு ஐக்யூ நன்றாக இருக்கிறதே" என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. 2009-இல் வந்த ஆட்டிசம் சட்டத்தின் கீழான வழிகாட்டுதல் அதைத் தெளிவாகத் தடுக்கிறது.

விசாவில் அரசு நிதி கூடாது என்று இருந்தால் பிப் என்கிற மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதீர்கள், அது அரசு நிதிப் பட்டியலில் உள்ளது. கவுன்சில் தரும் சமூகப் பராமரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்த குடும்பங்கள் உண்டு. நிரந்தர வதிவுரிமை வந்த பிறகு பிப் கேட்கலாம். கடைசி மூன்று வருஷத்தில் இரண்டு வருஷமாவது இங்கே இருந்திருக்க வேண்டும் என்று பொதுவான விதி.

சரி, இப்போது என் தோழியின் கதைக்கு வருகிறேன். திருச்சிக்காரி, லண்டனில் இருக்கிறாள், மகனுக்கு 19. தேவை மதிப்பீட்டுக்குக் கவுன்சிலிலிருந்து சோஷியல் வொர்க்கர் வருகிறார் என்றதும் வீட்டைத் துடைத்து, மகனுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வடை சுட்டு வைத்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வது போல எல்லாம் அமர்க்களம். மொழிபெயர்க்க கணவரின் தம்பி.

"தானே குளிப்பாரா?" என்று கேட்டார் வந்தவர். "ஓ, குளிப்பான்." குளிப்பான்தான். தண்ணீரை இவள் கலந்து வைக்க வேண்டும். கதவுக்கு வெளியே நின்று, இப்போ தலை, இப்போ முதுகு, இப்போ சோப்பைக் கழுவு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சோப்பின் நிறம் மாறியிருந்தால் அன்றைக்குக் குளியலே கிடையாது. "சமைப்பாரா?" "தோசை சுடுவான்." அடுப்பைப் பற்றவைப்பதும் மாவு ஊற்றுவதும் அவள், திருப்பிப் போடுவது அவன். கழிவறை பற்றிக் கேட்டபோது கொழுந்தன் முன்னால் அவளுக்கு வாயே வரவில்லை. கடைசியில், "நீங்கள் தொடர்ந்து பார்த்துக்கொள்வீர்களா?" என்றதற்கு, "என் உயிர் இருக்கிறவரை நான் பார்ப்பேன்" என்றாள். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள்.

சில வாரத்தில் கடிதம் வந்தது: தகுதி இல்லை. எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஊரில் சான்றிதழ் முகாமில் பிள்ளையின் கஷ்டத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற நாம், அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டால் விருந்தாளி முன் மானத்தைக் காப்பாற்றுகிறோம்.

சட்டம் கேட்பது வேறு. உணவு, சுத்தம், கழிவறை, உடை, வீட்டில் பாதுகாப்பு, வீட்டைப் பராமரிப்பது, உறவுகள், வேலை அல்லது படிப்பு, பேருந்து போன்ற பொது வசதிகள் என்று பட்டியல் போகிறது, மொத்தம் பத்து. ஆட்டிசத்தால் இவற்றில் இரண்டாவது முடியாமல் போய், அது வாழ்க்கையைப் பெரிதாகப் பாதித்தால் தகுதி உண்டு. 'முடியாது' என்பதற்குச் சட்டத்தில் கொடுத்திருக்கும் பொருள் நமக்குச் சாதகமானது. உதவியிருந்தால்தான் முடியும் என்றாலும், கடும் பதற்றத்தோடு முடியும் என்றாலும், ஆபத்தில் முடியும் என்றாலும், மற்றவர்களைவிட வெகுநேரம் எடுத்தாலும் அது முடியாததுதான். அம்மா பக்கத்தில் நின்று செய்ய வைப்பது தகுதியைக் குறைக்காது. தகுதியை முடிவு செய்யும்போது குடும்பம் தரும் உதவியை ஒதுக்கிவிட்டே பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்கடுத்த படியில் விஷயம் மாறும். எவ்வளவு உதவி தருவது என்று கணக்குப் போடும்போது, நீங்கள் மனமுவந்து செய்வதாகச் சொன்னதைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே உயிர் இருக்கிறவரை என்ற பேச்சு வேண்டாம். வாரத்தில் இந்த வேலையை இத்தனை மணி நேரம் செய்ய முடியும், இரவில் எழுந்து பார்ப்பது இனி முடியாது என்று அளந்து சொல்லுங்கள். பராமரிப்பவர் என்ற முறையில் உங்களுக்கும் தனி மதிப்பீடு உண்டு, கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கவுன்சிலிடமே கேளுங்கள். சொந்தக்காரர்கள் வேண்டாம், எவ்வளவு நல்லவர்களானாலும்.

தோழி அப்புறம் ஒரு நோட்டில் தினசரி எழுத ஆரம்பித்தாள்: எதற்கு எத்தனை முறை சொன்னாள், எங்கே அழுதான், எத்தனை மணிக்குத் தூங்கினான். அதோடு மறுமதிப்பீடு கேட்டாள். இப்போது டைரக்ட் பேமென்ட் (உதவியை நாமே ஏற்பாடு செய்துகொள்ள கவுன்சில் தரும் பணம்) வருகிறது, அதில் தமிழ் பேசும் ஓர் இளைஞரை வேலைக்கு வைத்திருக்கிறாள். (அதே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரை வைப்பதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டம் சேருமுன் காலையிலேயே மகனும் அந்த இளைஞரும் போய்வருகிறார்கள். நாதஸ்வரம் தொடங்கினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவான். முன்பெல்லாம் அவளும் பாதி அர்ச்சனையில் பின்னாலேயே ஓடுவாள்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. செலவில் எவ்வளவு பங்கு தர வேண்டும் என்று பார்க்கும்போது பிள்ளையின் வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்ப்பார்கள், உங்களுடையதை அல்ல. அவன் பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் பொதுவாக அவன் தலையில்தான். தாத்தா அன்பில் பேரன் பெயருக்கு ஊரில் டெபாசிட் போட்டிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

மறுப்புக் கடிதம் வந்தால் மதிப்பீட்டு அறிக்கையின் நகலையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் கவுன்சிலின் புகார் பிரிவு. அங்கும் சரியாகாவிட்டால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான புகாரை விசாரிக்கும் தனி அமைப்பு). பிரச்சினை தெரிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது.