மோட்டார், கியர்பாக்ஸ் அச்சுகளை டயல் கேஜால் ஒருகோட்டுக்குக் கொண்டுவருதல்

கன்வேயரை இயக்கும் மோட்டாரின் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் அடிக்கடி தேயும், பேரிங் சூடேறும், எண்ணெய் சீல் கசியும். லேசர் கருவி இல்லாத ஆலையிலும் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜையும், மோட்டாரின் கால்களுக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளையும் கொண்டு இதைச் சரியாக அளந்து திருத்திவிடலாம். ஆனால் அளவு பிசகுவது பெரும்பாலும் கேஜை வைப்பதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது.

மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்ட பின், மோட்டாரின் கால்களுக்கு அடியிலுள்ள துரு, பெயின்ட், பழைய நைந்த ஷிம்கள் ஆகியவற்றை அகற்ற வேண்டும். எல்லா போல்ட்களையும் இறுக்கி, ஒரு காலின் மேல் கேஜை வைத்து, அந்த போல்டை மட்டும் தளர்த்திப் பாருங்கள். முள் 0.05 மி.மீ.-க்கு மேல் எழுந்தால் அந்தக் கால் அடித்தளத்தில் சரியாகப் படியவில்லை என்று பொருள். நான்கு கால்களையும் இவ்வாறு சோதித்துச் சரிசெய்யாமல் எடுக்கும் எந்த அளவும் போல்டை இறுக்கும்போது மாறிவிடும்.

அடுத்து, கேஜைத் தாங்கும் கம்பியின் தொய்வு. அதே கம்பியையும் கேஜையும் வளையாத ஒரு குழாயில் பொருத்தி, மேலே பூஜ்யம் வைத்து, குழாயைச் சுழற்றிக் கீழே காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது −0.06 மி.மீ. என வைத்துக்கொள்வோம்.

இப்போது கம்பியைக் கியர்பாக்ஸ் பக்கக் கப்ளிங்கில் பிணைத்து, கேஜின் முனையை மோட்டார் பக்கக் கப்ளிங்கின் விளிம்பில் படவையுங்கள். இரண்டு ஷாஃப்டுகளையும் சேர்த்து, ஒரே திசையில் சுழற்ற வேண்டும். அப்போதுதான் கப்ளிங்கின் சொந்தக் கோணல் அளவில் கலக்காது. மேலே 0, கீழே +0.34, இடப்பக்கம் +0.10, வலப்பக்கம் +0.24 என்று வந்தால், இடமும் வலமும் கூடிய தொகை மேலும் கீழும் கூடிய தொகைக்குச் சமமாக இருப்பதால் அளவை நம்பலாம். சமமாகவில்லை என்றால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. கணக்குப் போடாமல் மறுபடி அளப்பதே மேல். தொய்வான −0.06-ஐக் கழித்தால் கீழளவு +0.40 ஆகும். கேஜ் காட்டுவது விலகலின் இருமடங்கு என்பதால் கப்ளிங் அருகே மோட்டாரின் அச்சு 0.20 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. இந்தப் பாதியாக்கலை மறந்து இருமடங்கு ஷிம் வைத்துவிடுவது அனுபவசாலிகளும் செய்யும் பிழை.

கோணத்தை அறிய, கேஜ் முனையை மோட்டார் கப்ளிங்கின் முகத்தில் 100 மி.மீ. விட்டத்தில் படவைத்து, ஷாஃப்டை முன்பின் நகரவிடாமல் ஒரே பக்கமாக அழுத்திச் சுழற்றுங்கள். தொய்வு கழித்தபின் மேலிடைவெளி 0.20 மி.மீ. அதிகமாக இருந்தால், மோட்டாரின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. சரிவு மில்லிமீட்டருக்கு 0.002. கப்ளிங்கிலிருந்து முன்கால் 150 மி.மீ., பின்கால் 450 மி.மீ. தொலைவில் இருந்தால், சரிவுக்காக முறையே 0.30, 0.90 மி.மீ. தேவை. அதனுடன் 0.20-ஐக் கூட்ட, முன்கால்களுக்கு 0.50, பின்கால்களுக்கு 1.10 மி.மீ. ஷிம் வரும். ஒரு காலுக்கு மூன்று, நான்கு தகடுகளுக்கு மேல் அடுக்க வேண்டாம். அடுக்கு கூடினால் ஸ்பிரிங் போல் அமுங்கும்.

உயரம் முடிந்த பிறகே பக்கவாட்டைத் திருத்த வேண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் விலகலை 0.05 மி.மீ.-க்குள் கொண்டுவருவது பாதுகாப்பானது. 300 மி.மீ. உயர எஃகு உடல் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.14 மி.மீ. உயரும் என்பதால், கியர்பாக்ஸ் மோட்டாரைவிட அதிகம் சூடாகும் இடங்களில் ஓட்டி நிறுத்தியவுடன் ஒருமுறை மீண்டும் அளந்து, குளிர்ந்த நிலை அளவுகளோடு சேர்த்துக் குறித்துவையுங்கள்.