தூண்டிலோடு கிளம்பும் முன் திதியைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாயில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் தொண்டிப் பக்கம் கடற்கரைக்குப் போனால் காலை, மாலை என்று மட்டும் நேரம் பார்க்கிறார்கள். கடலும் முகத்துவாரமும் வேறு கணக்கு. தண்ணீர் ஏறும்போதும் வடியும்போதும்தான் இரை நகரும். கொடுவா மீன் அதைத் தேடி வரும். இந்த நீரோட்டம் நின்றால் மீன் கடிப்பதும் குறையும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும், அஷ்டமி பக்கம் மந்தம். வீட்டு நாள்காட்டியே போதும். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்றைய நேரத்துக்கே போகாதீர்கள்.

அப்புறம், போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஏறுகிறதா வடிகிறதா என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். சேற்றில் மட்டும் தனியாக இறங்காதீர்கள்.