சவரக்கத்தியா, சேஃப்டி ரேசரா: தேர்வில் நடக்கும் தவறுகள்

நாலைந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜின் விலை கட்டுப்படியாகாமல், அல்லது ஷேவ் செய்த மறுநாள் கழுத்தில் கிளம்பும் பருக்கள் பொறுக்காமல், ஒற்றை பிளேடுக்குத் திரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மடக்குச் சவரக்கத்தி வாங்குவதா, இருபக்க பிளேடு போடும் சேஃப்டி ரேசர் வாங்குவதா என்று வரும்போது எல்லோரும் கேட்பது, ‘எது நல்லா ஷேவ் பண்ணும்?’ இரண்டுமே நன்றாகத்தான் செய்யும். உங்களுக்குத் தீட்டும் வேலை வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. கத்திமுனைக்கு முன்னால் ஒரு தடுப்பு வைக்கலாம் என்ற யோசனை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் வந்துவிட்டது. 1880களில் நியூயார்க்கின் காம்ஃபி சகோதரர்கள் ‘ஸ்டார்’ என்ற ரேசரையே விற்றார்கள். ஆனால் அதற்குள் இருந்த கத்தித் துண்டை வாங்கியவரே தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1901இல் கம்பெனி தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட், மழுங்கியதும் எறிந்துவிடும் மெல்லிய பிளேடால் இந்தத் தீட்டும் வேலையை ஒழித்தார். மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமல் கடினப்படுத்தும் வழியை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1903இல் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர் விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. முகத்தில் வெட்டுப்படாது என்பதைவிட, கத்தியைத் தீட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் ஜனங்கள் வாங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சலூன் கத்தியைப் பார்த்து முடிவெடுப்பது

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இது. சலூனில் இப்போது உங்கள் கன்னத்தில் ஓடுவது பழைய சவரக்கத்தி இல்லை. அதே வடிவில் செய்த ஒரு பிளேடு பிடி. இருபக்க பிளேடைக் காகித உறையோடு நடுவில் ஒடித்து, ஒரு பாதியை அதில் செருகுவார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பயம் பரவிய பிறகு ‘புது பிளேடு போடுங்க’ என்று கேட்பது வழக்கமாகி, தீட்டிப் பயன்படுத்தும் கத்தி கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. ஆன்லைனில் ‘ஷேவெட்’ என்ற பெயரில் சல்லிசாகக் கிடைப்பதும் இந்தப் பிடிதான்.

இதை வாங்கி, நாலு இடத்தில் கீறிக்கொண்டு, ‘சவரக்கத்தி நமக்குச் சரிப்படாது’ என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் இரண்டும் வேறு வேறு கருவிகள். ஷேவெட்டில் எடை கிடையாது, அதனால் கை தானாக அழுத்துகிறது. பிளேடின் இரண்டு மூலைகளும் ஊசி மாதிரி இருக்கும். நல்ல சவரக்கத்தியில் கனமான முதுகு உண்டு. தோல்வாரில் (ஒரு பக்கம் தோலும் மறுபக்கம் துணியுமான தீட்டும் பட்டை) தீட்டிய விளிம்பு தொழிற்சாலை பிளேடைவிட மென்மையாக இறங்கும். கற்றுக்கொள்கிறவர் கைக்கு ஷேவெட்தான் கடினம். மீசை ஓரத்தையும் தாடிக் கோட்டையும் நறுக்கென்று எடுக்க வேண்டும் என்றால் மட்டும் அது அருமையான கருவி.

‘ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் செலவில்லை’

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிளேடு 4 ரூபாய், ஐந்து ஷேவ் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஷேவ் செய்கிறவருக்கு வருடத்துக்கு 73 பிளேடு, 292 ரூபாய். தரமான, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தி, தோல்வார், தீட்டுக்கல் எல்லாம் சேர்த்து 15 ஆயிரம் ஆகிறது என்றால், போட்ட காசை எடுக்க ஐம்பது வருடம் ஆகும். சவரக்கத்தியை ஆசைக்காக வாங்கலாம், மிச்சம் பிடிப்பதற்காக வாங்கக்கூடாது.

சரி, விலை குறைந்ததாக ஒன்றை வாங்கலாமே என்றால், சில நூறு ரூபாய்க்கு வரும் பளபளக்கும் கத்திகள் பெரும்பாலும் மெத்தென்ற எஃகு. அதில் கூர் ஏறாது, ஏறினாலும் நிற்காது. நல்ல கத்தியிலும் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்க வேண்டும்: முகத்தில் வைக்கிற அளவுக்குத் தீட்டி அனுப்புகிறார்களா? பல புதுக் கத்திகள் அரைகுறைக் கூரோடுதான் வருகின்றன. தாத்தா காலத்துக் கத்தி பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் தொட வேண்டாம்.

சாணைக்காரரிடம் கொடுப்பது

தெருவில் சாணை பிடிப்பவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் சரியான ஆள். சவரக்கத்தியை அவர் சக்கரத்தில் வைத்தால் தீப்பொறி பறக்கும் அந்தச் சூட்டிலேயே எஃகின் கடினம் போய்விடும், விளிம்பின் கோணமும் கெடும். இந்தக் கத்தியைத் தட்டையான கல்லில், முதுகும் விளிம்பும் ஒருசேரப் படும்படி வைத்துத்தான் தீட்ட வேண்டும். அடித்தளக் கூருக்கு 1000 எண் கல் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்), அப்புறம் 4000, 8000, முடிப்பதற்கு 12000 வரைக்கும் போவார்கள். நன்றாகப் பராமரித்தால் கல் வேலை சில மாதங்களுக்கு ஒரு முறைதான் வரும்.

ஆனால் தோல்வார் வேலை ஒவ்வொரு ஷேவுக்கு முன்னாலும் உண்டு. துணிப் பக்கம் இருபது, தோல் பக்கம் நாற்பது ஐம்பது இழுப்பு. முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் வர வேண்டும். திருப்பும்போது கத்தி முதுகின் மேலேயே புரள வேண்டும். விளிம்பின் மேல் புரட்டினால் ஒரே இழுப்பில் தோல்வாரும் அறுபடும், கூரும் மழுங்கும். வேகம் எதற்கும் உதவாது. படித்ததுமே ‘காலையில் இதற்கெல்லாம் எங்கே நேரம்’ என்று தோன்றுகிறதா? அப்படியானால் உங்களுக்கு ஏற்றது சேஃப்டி ரேசர்தான், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் துருவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாரம்பரியக் கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. ஈரத்தோடு மடக்கிக் குளியலறை அலமாரியில் வைத்தால் வெகு சீக்கிரம் புள்ளி விழும். துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி, வேறு அறையில் வைக்க வேண்டும்.

சேஃப்டி ரேசரைக் கார்ட்ரிட்ஜ் மாதிரி அழுத்துவது

கார்ட்ரிட்ஜின் தலை தானாக அசைந்து கன்னத்துக்கு ஏற்ப வளையும், அழுத்தினாலும் மன்னிக்கும். சேஃப்டி ரேசரின் தலை அசையாது. கோணத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். ஏறக்குறைய 30 டிகிரியில் வெட்டத் தொடங்கும். அழுத்தமே வேண்டாம், ரேசரின் எடை போதும். அதனால்தான் இலேசான பிளாஸ்டிக் ரேசரைவிடக் கொஞ்சம் கனமான உலோக ரேசர் பழகுவதற்கு எளிது.

முதல் இழுப்பு முடி வளரும் திசையிலேயே போகட்டும். கழுத்தில் முடி பல பேருக்குச் சுழித்து வளரும், ஆகவே விரலால் தடவிப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்த்திசையில் இழுப்பது பிறகு, தேவைப்பட்டால்.

முதல் வாரமே ஜப்பானின் ஃபெதர் பிளேடைப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாத வேலை. கூர்மைக்குப் பேர்போன பிளேடு அது, பழகிய கைக்குத்தான் சுகம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று வகையை வாங்கி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ரேசர், பிளேடு, சோப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எரிச்சல் எதனால் வந்தது என்று பிடிபடாது.

கை நடுக்கம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் சவரக்கத்தி பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. கத்தியோ ரேசரோ, அண்ணன் தம்பிக்குள்கூடப் பகிர வேண்டாம்.

அடிக்கடி விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சவரக்கத்தியையும் தனி பிளேடையும் கைப்பையில் எடுத்துப்போக விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். வீட்டில் தீர்ந்த பிளேடுகளை அப்படியே குப்பையில் எறியாதீர்கள், பிரித்தெடுப்பவர் கையைக் கிழிக்கும். ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, அதற்குள் சேர்த்து வையுங்கள். நிரம்பியதும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.