பாறையழிதலும் காபன் கணக்கும்: படுவான்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தவறுகள்

மார்கழி மழையில் மட்டக்களப்பின் முந்தனை ஆறு கலங்கிக் கரைபுரண்டு ஓடுவதைப் பார்க்கும் எவருக்கும், மேற்கே எங்கோ பாறை கரைந்து வருகிறது என்ற எண்ணம் இயல்பாகவே எழும். பாறையழிதலை, அதாவது நீரும் காற்றும் பாறையை இருந்த இடத்திலேயே சிதைத்துக் கரைப்பதை, விளங்கிக்கொள்வதில் முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்தச் சேறு மண்ணரிப்பின் விளைவாகும். எப்போதோ அழிந்து மண்ணாகிவிட்ட பாறையை வெள்ளம் இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். வளி, நிலம், கடல் ஆகியவற்றினூடாகக் காபன் சுழலும் வட்டத்துக்கு முதன்மையானது கண்ணுக்குத் தெரியாத பகுதி, அதாவது நீரில் கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் அயன்களும் அவற்றோடு செல்லும் இருகாபனேற்றும் (காபனீரொட்சைட்டு நீரில் மாறியிருக்கும் வடிவம்) ஆகும். பங்குனியில் ஆறு தெளிந்து முழங்காலளவில் ஓடும்போதும் அவை அதில் இருக்கின்றன. ஒரு லீற்றர் நீரில் எவ்வளவு என்று பார்த்தால், பெரும்பாலும் அப்போதுதான் கூடுதலாகவும் இருக்கும்.

உயர்தர வகுப்பு மாணவர்களின் விடைகளைத் திருத்தும்போது நான் மீண்டும் மீண்டும் காணும் அடுத்த தவறு, மழைநீரின் அமிலத்தன்மையையும் அமில மழையையும் ஒன்றாகக் கருதுவதாகும். மாசற்ற மழைநீரின் பி.எச். பெறுமானமே ஏறக்குறைய 5.6 தான், வளியிலுள்ள காபனீரொட்சைட்டு அதில் கரைந்து மென்மையான காபோனிக்கமிலமாக இருப்பதே அதற்குக் காரணம். அமில மழை என்பது கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகளால் விளையும் வேறொரு சங்கதி. மேலும், பாறையை அழிக்கும் காபோனிக்கமிலத்தின் பெரும்பங்கு வானத்திலிருந்து நேரே வருவதுமில்லை. வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால், மண்ணின் துளைகளிலுள்ள காற்றில் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கூடுதலாக இருக்கக்கூடும். மழைநீர் அந்த மண்ணினூடாகக் கசியும்போதுதான் பாறையைத் தாக்கும் வலுவைப் பெறுகிறது. ஆகவே காட்டையும் மண்ணையும் விட்டுவிட்டு மழையையும் பாறையையும் மட்டும் வைத்து எழுதும் விளக்கம் பாதி விளக்கமே.

எல்லாத் தவறுகளிலும் வேரூன்றியது சுண்ணாம்புக்கல்லை எல்லாப் பாறைகளுக்கும் மாதிரியாகக் கொள்வதாகும். பாடநூல்கள் இரசாயன முறையான பாறையழிதலைச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு விளக்குவது வசதிக்காக. அதன் சமன்பாடு சிறியது, குகைகளின் படமும் அழகானது. ஆனால் காபன் கணக்கில் அந்த எடுத்துக்காட்டு நம்மை வழி தவறச் செய்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைத் தொடர்ந்து கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை படிவதை எல்லோரும் கண்டிருப்போம். சுண்ணாம்புக்கல் கரையும்போது காபனீரொட்சைட்டை இழுத்துக்கொண்டு நீரில் இருகாபனேற்றாகிறது; அதே நீர் கேத்திலில் சூடேறும்போது கல்சியங்காபனேற்று மீண்டும் படிய, இழுக்கப்பட்ட காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. கடலிலும் இதுவே நடக்கிறது, சூட்டுக்குப் பதிலாகச் சிப்பிகளும் முருகைகளும் நுண்ணுயிர்களும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆற்று நீரிலுள்ள இரண்டு இருகாபனேற்று அயன்களில் ஒன்றின் காபன் வளியிலிருந்து வந்தது, மற்றதன் காபன் கல்லிலிருந்தே வந்தது. கடலில் ஒன்று ஓடாகப் படிகிறது, மற்றது வளிக்குத் திரும்புகிறது. நீண்ட காலக் கணக்கில் மிச்சம் பூச்சியம்.

இதே காரணத்தால், மட்டக்களப்பு வாவியின் மட்டியும் பாசிக்குடாவின் முருகைக்கற்களும் ஓடு கட்டுவதன் மூலம் வளியிலிருந்து காபனை நீக்குகின்றன என்ற பரவலான கூற்றும் பிழையாகும். ஓட்டில் காபன் இருப்பது உண்மை. ஆனால் ஓடு உருவாகும் தாக்கம் நீரில் காபனீரொட்சைட்டை விடுவிக்கிறது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடிப்பாறை சுண்ணாம்புக்கல் அன்று. இது விஜயன் தொகுதி எனப்படும் பழைய உருமாறிய பாறைகளாலானது. அவற்றின் மூலப்பாறைகள் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. தாந்தாமலையிலும் குடும்பிமலையிலும் வெளித்தெரிவதும், நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்வதும் இந்த நைஸ் வகைப் பாறையைத்தான். இதிலுள்ள பெல்சுபார், ஓண்பிளென்ட், பயோற்றைற்று போன்ற கனிமங்கள் சிலிக்கேற்றுகள், அதாவது சிலிக்கனும் ஒட்சிசனும் உலோகங்களோடு சேர்ந்தவை. இவற்றில் காபனே இல்லை. அதனால் இவை அழியும்போது நீரில் சேரும் இருகாபனேற்று முழுவதும் வளியிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்ததாகவே இருக்கும். கல்சியம் சிலிக்கேற்று ஒன்று அழிய இரண்டு காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் செலவாகின்றன. கடலில் ஓடு படியும்போது ஒன்று திரும்பிவிடுகிறது, மற்றொன்று சுண்ணாம்பாகக் கடலடியில் புதைகிறது. அந்த ஒன்றுதான் இலாபம்.

ஆனால் சிலிக்கேற்று என்றவுடன் எல்லாம் ஒன்றெனக் கொள்வதும் தவறே. கடலில் காபனேற்றாகப் படியக்கூடியவை கல்சியமும் மக்னீசியமும்தான். சோடியமும் பொற்றாசியமும் அப்படி நேரடியாகப் படிவதில்லை. குவாற்சோ ஏறக்குறைய அசைவதே இல்லை. கல்லடிக் கடற்கரையின் மணலை அள்ளிப் பார்த்தால் பெரும்பகுதி குவாற்சாக இருப்பதற்கு, மற்றக் கனிமங்கள் வழியிலேயே களியாகவும் கரைசலாகவும் மாறிப்போக அது மட்டும் தப்பி வந்ததே காரணம். ஆகவே கிரனைற்றை ஒத்த நமது நைஸ், கல்சியமும் மக்னீசியமும் செறிந்து விரைவில் அழியும் எரிமலைப் பசால்ற்றுக்கு ஈடாகாது. இந்தியாவின் தக்காணத்திலோ யாவாத் தீவிலோ அளந்த வீதத்தை எடுத்துக் கல்லோயா வடிநிலத்துக்குப் பொருத்துவது கணக்கன்று.

வெப்பமும் மழையும் மிகுந்த மலை நாட்டில் பாறை விரைந்து அழியும் என்பது எல்லோரும் நம்பும் ஒரு விதி. நானும் நீண்ட காலம் அப்படியே கற்பித்துவந்தேன். அதற்கு மிகச் சிறந்த விலக்கு இலங்கைதான். மகாவலியின் மேல் நீரேந்து பிரதேசத்தில் நடந்து 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஆற்று மணலின் குவாற்சில் அண்டக்கதிர்கள் உண்டாக்கிய பெரிலியம்-10 என்ற அரிய சமதானியை அளந்து, காடு மூடிய பகுதிகளின் இயற்கையான அரிப்பு ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் மட்டுமே என்று காட்டியது. செங்குத்தான சரிவும் கொட்டும் மழையும் கொண்ட ஒரு வெப்பவலய மலைக்கு இது வியக்கத்தக்க சிறிய அளவாகும். பாறை அழிவதும் இங்கே மெதுவாகவே நடக்கிறது. மேலே தடித்த போர்வையாக மூடியிருக்கும் உக்கிய பாறையே இதற்குக் காரணம். மழைநீர் அந்தப் போர்வையைத் தாண்டிக் கீழேயுள்ள புதுப் பாறையை அடைவதற்கு நெடுநேரமாகிறது, மேலேயுள்ளதிலோ கரைய வேண்டியவை பெரும்பாலும் கரைந்துவிட்டன. நிலம் இப்போது உயர்ந்துகொண்டிருக்கும் இமயமலை, தாய்வான் போன்ற இடங்களில்தான் புதுப் பாறை தொடர்ந்து வெளிப்படுகிறது.

அதே ஆய்வு, பயிர்செய்கைக்கு உட்பட்ட சரிவுகளில் மண் இழப்பு 130 முதல் 2100 தொன் வரை உயர்ந்திருப்பதையும் காட்டியது. இதைப் படித்துவிட்டு, அரிப்புக் கூடினால் பாறையழிதலும் கூடும், ஆகவே காபனும் கூடுதலாக அகற்றப்படும் என்று எழுதுபவர்கள் உண்டு. போவது கரைந்து சலித்த மேல்மண். அது போவதால் மண்ணிலுள்ள சேதனக் காபனும் சேர்ந்து போகிறதே தவிர, புதிய சிலிக்கேற்று உடனே கிடைப்பதில்லை.

பாறையழிதல் எப்போதும் காபனை உள்ளிழுக்கும் என்பதும் உண்மையன்று. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைற்று ஒட்சியேறி உண்டாகும் சல்பூரிக்கமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தால், முடிவில் கல்லிலிருந்த காபனே வளிக்குச் செல்கிறது. படிவுப் பாறைகளில் புதைந்த பழைய சேதனப் பொருள் வெளிப்பட்டு ஒட்சியேறுவதால் உலகளவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6.8 கோடி தொன் காபன் வெளியேறுவதாக 2023 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சிலிக்கேற்றுப் பாறைகள் அழிந்து உள்ளிழுக்கும் அளவோடு அது ஒப்பிடத்தக்கது. நமது உருமாறிய பாறைகளில் இந்தப் பிரச்சினை சிறியது. இலங்கைக்குப் பேர் தந்த பென்சிற்கரியும் எளிதில் ஒட்சியேறாதது.

அளவீட்டில் நேரும் தவறுகள் நம் ஊருக்கே உரியவை. ஆய்வுச் செயற்றிட்டத்துக்கென்று கல்லடிப் பாலத்தடியில் நீரெடுத்து, அதிலுள்ள கல்சியமும் சோடியமும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாறையிலிருந்து வந்தவை என்று எழுதிவிடுகிறார்கள். அது வாவி நீர். பாலமீன்மடு முகத்துவாரத்தினூடாகக் கடல் உள்ளே வந்து போகும் நீர். மாதிரி உப்பேறாத மேற்பகுதியில், உன்னிச்சைக்கோ உறுகாமத்துக்கோ மேலே எடுக்கப்பட வேண்டும். அங்கும் மழையே கடலுப்பைக் கொண்டுவருவதால், குளோரைட்டின் அளவை வைத்து அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். ஒரே நாளில் எடுத்த மாதிரியும் போதாது. மாரியில் செறிவு குறைந்தாலும் நீரின் அளவு பன்மடங்காகிறது. செறிவை நீரோட்டத்தால் பெருக்கினால்தான் ஆறு சுமந்த மொத்தம் தெரியும். கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றில் இது இன்னும் சிக்கலானது, ஏனெனில் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் நீரைத் தேக்கி, வயல்களின் தேவைக்கேற்ப விடுகிறது. வயல்களில் இடும் யூரியா மண்ணில் நைத்திரிக்கமிலத்தைத் தோற்றுவிக்கும். அந்த அமிலம் அழித்த கனிமத்துக்குக் காபனீரொட்சைட்டுச் செலவாகவில்லை. சுண்ணாம்பு வகையான டொலமைற்று இட்ட நிலத்திலிருந்து வடியும் கல்சியமும் மக்னீசியமும் நம் பாறையுடையவையே அல்ல.

அலகுகளில் ஒரு சிறு எச்சரிக்கை: காபன் தொன்னும் காபனீரொட்சைட்டுத் தொன்னும் ஒன்றல்ல, முன்னதை 3.67 ஆல் பெருக்கினால் பின்னது வரும்.

காலத்தை மறப்பதுதான் மிகப் பெரிய தவறு. பூமி சூடேறினால் பாறையழிதல் விரைவடைந்து காபனீரொட்சைட்டைக் குறைக்கும், குளிர்ந்தால் மந்தமாகி எரிமலைகள் விடும் வாயுவைச் சேரவிடும் என்ற சமநிலைப் பொறிமுறையை 1981 இல் வோக்கர், ஹேய்ஸ், காஸ்ற்றிங் ஆகியோர் விளக்கினார்கள். அது உண்மையான பொறிமுறை. ஆனால் அது இயங்குவது இலட்சக்கணக்கான ஆண்டுகளில். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீரெனப் பெருமளவு காபன் வளியில் சேர்ந்து பூமி 5 பாகை செல்சியசுக்குமேல் சூடேறியபோது, பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை முதல் இரண்டு இலட்சம் ஆண்டுகள் வரை சென்றன. இன்று உலகின் சிலிக்கேற்றுப் பாறைகள் ஆண்டுக்கு உள்ளிழுப்பது ஏறக்குறைய 10 முதல் 14 கோடி தொன் காபன்; நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் வெளியேறுவது ஏறக்குறைய 1000 கோடி தொன். இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்ப்பதில்லை.

இந்த வேகத்தைக் கூட்டத்தான் பாறையைத் தூளாக்கி வயலில் தூவும் முறை இப்போது பல நாடுகளில் பரிசோதிக்கப்படுகிறது. கல்லுடைக்கும் இடங்களில் குவிந்து கிடக்கும் தூளை அம்பாறை வயல்களில் இட்டால் அதே பயன் கிடைக்காதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது பசால்ற்று. நம் தூள் நைஸ், அதில் பெரும்பங்கு குவாற்சும் பொற்றாசியம், சோடியம் சார்ந்த பெல்சுபாரும். தூளை அரைக்கும் மின்சாரத்தையும் ஏற்றிவரும் லொறியின் டீசலையும் கழித்து, வடிகால் வாய்க்காலில் வெளியேறும் இருகாபனேற்றை இரண்டு மூன்று போகங்களாவது அளந்த பிறகே அதற்கு விடை சொல்ல முடியும்.