ஏசி ஒழுகியது: பக்கெட் செய்த வேலை

காசிமேட்டில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. போன அக்னி நட்சத்திரத்தில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியின் இடது மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கீழே அம்மாவின் கட்டில். "மழைக்குக்கூட ஒழுகாத வீடுடா இது" என்று அவர் வேறு.

மெக்கானிக் போனிலேயே "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்று மூவாயிரம் சொன்னார். கேஸ் குறைந்தால் குளிர்ச்சியும் குறையுமே? காற்று ஜில்லென்றுதான் வந்தது.

சரி என்று மெயினை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றினேன். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, கம்பளி மாதிரி. கழுவி மாட்டியும் சொட்டு நிற்கவில்லை.

அப்புறம்தான் பால்கனிக்குப் போனேன். ஏசி தண்ணீர் வீணாகக் கூடாதென்று டிரெயின் குழாயை பக்கெட்டுக்குள் விட்டிருந்தோம். குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. காற்று போக வழியில்லாமல் தண்ணீர் மெதுவாக இறங்கி, உள்ளே பாசி கட்டிவிட்டது. வாயால் ஊதினேன், அழுக்கு உள்பக்கம் போய்ச் சுவரில் வழிந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் வாங்கி, நுனியில் ஈரத்துணி சுற்றி வெளியிலிருந்து இழுத்தேன். விரல் நீளத்துக்குக் கொழகொழவென்று ஒரு கட்டி வந்து விழுந்தது, பின்னாலேயே தண்ணீர்.

குழாயை ஒரு சாண் வெட்டி, பக்கெட்டுக்கு மேலே தொங்கவிட்டேன். வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளில் உப்புக்காற்று வெள்ளையாகப் பூத்திருந்தது. அதையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வேகமாகப் பீய்ச்சினால் தகடு வளைந்துவிடும். அம்மா கட்டிலை மட்டும் இன்னும் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.