ஏரோஜெல் இன்சுலேஷன் லைசென்ஸ்: கையெழுத்துப் போடும் முன்

நீராவிக் குழாய்க்கும் சூடான எண்ணெய்த் தொட்டிக்கும் சுற்றும் ஏரோஜெல் (நுண்துளைகளில் காற்று நிறைந்த, மிக லேசான, வெப்பம் கடத்தாத பொருள்) போர்வையை இந்தியாவில் தயாரிக்க வெளிநாட்டு லைசென்ஸ் வாங்குகிறீர்களா? முதலில் சாம்பிளைச் சோதியுங்கள், வக்கீல் அப்புறம்.

கேட்லாகில் முதலில் கண்ணில் படும் வெப்பக் கடத்தல் எண், அறைச் சூட்டை ஒட்டி எடுத்ததாக இருக்கும். 250 டிகிரி குழாய்க்கு மேலுறை 50 டிகிரி என்றால் போர்வையின் சராசரி 150. அங்கே அந்த எண் கூடிவிடும். கேட்லாகை நம்பித் தடிமனைக் குறைத்தால் மேலுறை கையைச் சுடும். நீங்கள் விற்கப்போகும் வெப்பநிலைகளில், குழாயில் சுற்றி ஏ.எஸ்.டி.எம் சி335 என்ற சோதனைத் தர முறையில் எடுத்த அறிக்கையைக் கேளுங்கள்.

அடுத்து ஈரம். ஒரு துண்டை வேலை வெப்பநிலையில் ஓவனில் சில நாள் வைத்து, ஆறியதும் எடை போட்டு, தண்ணீரில் அமுக்கி எடுத்து மறுபடி எடை போடுங்கள். புதுத் துண்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். அதிகச் சூடு பட்டதில் நீரை விலக்கும் தன்மை போய், பஞ்சு மாதிரி உறிஞ்சும். போர்வைக்கு அடியில் தேங்கும் அந்த ஈரம்தான் வெளியே தெரியாமல் குழாயை அரிக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு விற்பதானால், அதன்மேல் சுற்றத் தகுந்தது என்று காட்டும் ஏ.எஸ்.டி.எம் சி795 சான்றும் வேண்டும், குளோரைடு சேர்ந்தால் குழாய் விரிசல் விடும்.

அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவில் செல்லாது. இந்தியக் காப்புரிமை எண்ணைக் கேட்டு வாங்கி, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா, 20 ஆண்டில் எவ்வளவு மிச்சம் என்று காப்புரிமை அலுவலகத் தளத்தில் பாருங்கள். ஏரோஜெல் 1931-லேயே அமெரிக்க விஞ்ஞானி கிஸ்ட்லர் வெளியிட்டது. அந்த அடிப்படைச் செய்முறைக்கு ராயல்டி கொடுக்கத் தேவையில்லை.

காசு கொடுப்பது செய்நுணுக்கத்துக்கு. ஜெல் உறையும் நேரம், கரைப்பான் மாற்றும் சுற்றுகள், கார்பன் டை ஆக்சைடில் உலர்த்தி அழுத்தத்தை இறக்கும் வேகம் எல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுத்தாக வர வேண்டும். அழுத்தத்தை அவசரமாக இறக்கினால் ஜெல் நொறுங்கித் தூசி கொட்டும். உங்கள் ஆலையில், உங்கள் ஆட்கள் ஓட்டிய சரக்கு தேறிய பிறகே கடைசித் தவணை.

ராயல்டியைப் போர்வையின் ஆலை விலைக்கு மட்டும் கணக்கிடுங்கள். அலுமினிய உறை, சுற்றும் கூலி, ஜி.எஸ்.டி சேரக் கூடாது.

லைசென்ஸ் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் (காப்புரிமைச் சட்டம், பிரிவு 68). காப்புரிமை அலுவலகத்தின் படிவம் 16-இல் பதிவும் செய்யுங்கள். காப்புரிமை பெறாத மூலப்பொருளையும் லைசென்ஸ் தருபவரிடமே வாங்கச் சொல்லும் நிபந்தனை பிரிவு 140-இன்படி செல்லாது. காப்புரிமைகள் காலாவதியானால் மூன்று மாத நோட்டீஸில் விலகலாம் என்கிறது 141.

ராயல்டிக்கு வரிப்பிடித்தம் உள்நாட்டுச் சட்டப்படி 20 சதவீதம், அதற்கு மேல் செஸ். ஜெர்மனி, ஜப்பான் நிறுவனமானால் வரி உடன்படிக்கைப்படி 10. அவர்களின் வசிப்பிடச் சான்று கையில் இருக்க வேண்டும். ‘வரி போக முழுத்தொகை’ என்ற வாசகத்துக்கு ஒப்புக்கொண்டால் அந்த வரியும் உங்கள் தலையில்.