சாண்டி கூஃபாக்ஸின் கணக்கைப் படிப்பது எப்படி

சாண்டி கூஃபாக்ஸ் அமெரிக்க பேஸ்பாலில் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்தை எறிபவர். அவர் பெயரில் எழுதப்பட்ட ஆட்டங்கள்: 165 வெற்றி, 87 தோல்வி. இந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால், கூஃபாக்ஸை இடக்கைப் பிட்சர்களின் முதல் வரிசையில் ஏன் வைக்கிறார்கள் என்று புரியாது. வாரன் ஸ்பானும் இடக்கைதான். அவருக்கு 363 வெற்றி.

முதலில் மொத்தத்தை மறந்துவிட்டு, ஆண்டுப் பட்டியலை 1960-க்குக் கீழே ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். மேலே ஆறு ஆண்டுகள்: 36-40. கீழே ஆறு ஆண்டுகள்: 129-47. மேல்பாதி சோர்ந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய போனஸ் வாங்கிச் சேரும் இளைஞரை இரண்டு ஆண்டுகளுக்கு மைனர் லீக்குக்கு (கீழ்மட்டப் போட்டிகளுக்கு) அனுப்பக் கூடாது என்பது அன்றைய விதி. டாட்ஜர்ஸ் 14,000 டாலர் போனஸ் கொடுத்திருந்ததால், பழக வேண்டிய வயதில் அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வேகம் இருந்தது, குறி இல்லை. 1961 பயிற்சிக் காலத்தில் கேட்சர் நார்ம் ஷெர்ரி, முழு பலத்தையும் போடாமல் எறியச் சொன்னார். அந்த ஆண்டு 269 ஸ்ட்ரைக்அவுட் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில், 1900-க்குப் பிந்தைய கணக்கில் அது அன்றைய சாதனை.

அடுத்தது ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விடும் ரன் சராசரி. பிட்சர் பொறுப்பில் விழுந்த ரன்களை 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். ஃபீல்டரின் பிழையால் வந்த ரன் இதில் சேராது. கிரிக்கெட் பந்துவீச்சு சராசரி போல, குறைந்தால் நல்லது. புதிதாகப் படிக்கும் கண் சறுக்கும் இடம் புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது: ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், எனவே 7.2 என்றால் ஏழு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அதாவது ஏழே மூன்றில் இரண்டு. அதில் 3 ரன் விட்டால் 3.52. புள்ளியை அப்படியே தசமமாக வகுத்தால் 3.75 என்று தப்பாக வரும். 1965-இல் 335.2 இன்னிங்ஸ், 76 ரன். போட்டுப் பாருங்கள், 2.04 வரும்.

1962-இன் 14-7ஐ சரிவு என்று எண்ண வேண்டாம். விரலில் ரத்த ஓட்டம் கெட்டு பருவத்தின் பிற்பாதியில் பெரும்பகுதி போனது, அப்படியும் அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.54 அந்த ஆண்டின் லீக்கில் மிகக் குறைவு. அதிலிருந்து தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்த இடம் அவருடையதே.

இனி கழிக்க வேண்டியதைக் கழிக்கலாம். 1962-இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியம் பிட்சர்களுக்குச் சாதகமான மைதானம். 1963-இல் ஸ்ட்ரைக் எல்லையையும் (மட்டையாளர் அடிக்காவிட்டாலும் பந்து ஸ்ட்ரைக் ஆகும் பரப்பு) பெரிதாக்கினார்கள். பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டின் உயரம் 15 அங்குலம். 1969-இல்தான் 10 ஆனது. ஆகவே அவருடைய 1966 ஈ.ஆர்.ஏ.வான 1.73-ஐ இன்றைய எண்ணோடு வைக்காமல், 1966-இன் லீக் சராசரியோடு வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் மைதானத்தின் தலையில் கட்டவும் முடியாது. அந்த 269 வந்தபோது டாட்ஜர்ஸ் ஆடியது அவர்களின் முந்தைய மைதானமான கொலீசியத்தில். அங்கே இடப்புற வேலி வெறும் 251 அடியில் நின்றது, பிட்சருக்குப் பாதகமான தூரம்.

ஸ்பானோடு ஒப்பிட மொத்தத்தை எடுக்காதீர்கள், இருவரின் சிறந்த ஆறு ஆண்டுகளை எடுங்கள். ஸ்பான் 44 வயது வரை வீசினார். கூஃபாக்ஸ் 1966-இல் 27-9 முடித்த கையோடு, இடது முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் விலகினார். அவர் பட்டியலில் இறங்குமுகம் என்று ஒரு வரியும் இல்லை.